கேரவன் வேண்டாம்

"அப்பா, உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?"

வாடகை வண்டி நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிதான் மகள் கேட்டாள்.

அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ரிடையர் ஆன பஸ் டிரைவர். முப்பத்தோரு வருஷம் ஹாரன் சத்தத்திலேயே வாழ்ந்தவருக்கு மகளின் சத்தமெல்லாம் ஒரு பொருட்டா?

விஷயம் இதுதான். கடற்கரையை ஒட்டியே பத்து நாள் சுற்றிவர வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. வருஷா வருஷம் தள்ளிப்போன பயணத்துக்கு இன்றுதான் வேளை வந்திருக்கிறது. வெளியே இரண்டு வண்டிகள் தயாராக நின்றன. ஒன்று கேரவன். உள்ளேயே கட்டில், குளியலறை, ஜன்னலோரம் ஒரு மேஜை. இன்னொன்று நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். அதில் உட்காரலாம், அவ்வளவுதான்.

அம்மா கேரவனுக்குள் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னங்க, உள்ள திரைச்சீலைகூடப் போட்டிருக்காங்க."

"ஜீப்தான்," என்றார் அவர்.

சிரிப்பு சுண்டிப்போனது.

"ஏன்ப்பா? இந்த வயசுல அம்மா கால் நீட்டிப் படுத்துட்டுப் போகக் கூடாதா?" மகள் விடவில்லை.

"கரை ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். அவ்வளவு பெரிய வண்டி திரும்பாது."

கவுண்டரில் இருந்த பெண் குறுக்கிட்டாள். "சார், அதே ரோட்டுலதான் பஸ் ஓட்டினேன்னு இப்பத்தானே சொன்னீங்க? பஸ் இதைவிடப் பெரிசாச்சே."

"மணல்ல புதைஞ்சிடும்."

"நிறுத்துற இடமெல்லாம் தார் போட்டிருக்கு சார்."

"காத்தடிச்சா ஆடும்."

"இதுவரைக்கும் ஆடினதில்லை சார்."

கைவசம் இருந்த காரணங்கள் தீர்ந்துபோயின. ஆனால் மனிதர் அசையவில்லை. ஜீப்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் டிரைவர் புத்தி. மேடு பள்ளம்னு ஏத்தி இறக்கி இவர் வித்தை காட்டணும். அம்மா பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும். அம்மாவுக்காகப் பேச இந்த வீட்டுல நான் ஒருத்திதான் இருக்கேன்."

அம்மா கேரவனைத் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கவுண்டர் பெண்ணுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எத்தனையோ கணவர்களைப் பார்த்தவள்தான், ஆனாலும் மோசமானவர்கள் பட்டியலில் இவருக்குத்தான் முதலிடம் கொடுத்தாள்.

அவரோ அதற்குள் ஜீப்பில் ஏறி சீட்டை நோண்டிக்கொண்டிருந்தார். ஆறடி மனிதர், முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிற அளவுக்கு சீட்டை முன்னால் தள்ளினார். கண்ணாடியையும் கீழே சாய்த்தார். மனிதருக்கு வயதாகிவிட்டது என்று கவுண்டர் பெண் நினைத்துக்கொண்டாள்.

"ஃபாரம் ரெடி சார். ஓட்டுறவங்க லைசென்ஸைக் கொடுங்க."

"என்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவகிட்ட கேளுங்க."

அவர் கை காட்டியது மனைவியை.

"நானா?" என்றாள் அம்மா. "அப்ப நீங்க?"

"நான் பக்கத்துல. முப்பத்தோரு வருஷமா அங்க ரோட்டைத்தான் பார்த்தேன். இனிமேதான் கடலைப் பார்க்கணும்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விளையாடாதீங்கப்பா. லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் அம்மா ஒரு நாள்கூட வண்டியைத் தொட்டதில்லை."

"யாரு தொட விட்டா?" அவர் குரல் உயரவே இல்லை. "லைசென்ஸ் வந்த புதுசுல உன் கார் சாவியைக் கேட்டுப் பார்த்தா. கதவுல கீறல் விழும்னு சொன்னே. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா."

அம்மாவுக்காகப் பேச ஒருத்திதான் இருந்தாள். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மா கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸ் பிளாஸ்டிக் உறைக்குள் புத்தம் புதிதாக இருந்தது. எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவாள். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலில் கச்சிதமாகப் பதிந்தது. கண்ணாடியில் பின்பக்கம் முழுக்கத் தெரிந்தது. சாவியைத் திருப்பினாள்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

பக்கத்து சீட்டில் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் போகிற ஒவ்வொரு டிரைவரையும் திட்டியே பழக்கப்பட்ட மனிதர். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

இரண்டாவது தடவை ஜீப் நகர்ந்தது. கேரவனைத் தாண்டி, தூணைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியை உரசாமல் ஒரு முழு வட்டம். வண்டி கழுவுகிற இரண்டு பேர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்கள்.

அம்மா மகளின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். ஐம்பத்தெட்டு வயதில், டிரைவிங் ஸ்கூலுக்கு வெளியே முதல்முறையாக ஒரு வண்டி அவள் சொன்னபடி கேட்டிருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளித்துவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போய்ட்டு வரோம்டி. நீ வழியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு."

ஹாரன் அடித்தாள். அவசியமே இல்லை, ஆனாலும் இன்னொரு தடவையும் அடித்தாள்.

கேட்டைத் தாண்டி நல்ல ரோட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டாள். "ஏங்க, அந்தக் கேரவன்மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"கோபமெல்லாம் இல்லை. நல்ல வண்டிதான்," என்றார் அவர். "ஆனா அதை ஓட்ட ஹெவி லைசென்ஸ் வேணும். அது என்கிட்ட மட்டும்தானே இருக்கு."