விசில் வராத குக்கர்

ஆப்பிளின் தோலைச் சீவும்போது விரலையும் சேர்த்துச் சீவிக்கொண்டான்.

விரலை வாயில் வைத்தபடி, திறந்திருந்த வாசல் வழியே எதிர்வீட்டைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரன். என் அடுக்களை ஜன்னலிலிருந்து அவன் அடுக்களை முழுக்கத் தெரியும். பார்க்கக் கூடாது என்றுதான் தினமும் நினைக்கிறேன். கண் கேட்பதில்லை.

ஆப்பிளுக்குப் பஞ்சமில்லை. டெங்குவில் படுத்தவனைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளோடுதான் வந்தார்கள். நானும்தான். நோயாளி என்றால் வேறு பழம் நமக்குத் தோன்றுவதில்லை. இப்போது தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது.

உலர்ந்த பழங்கள், தீபாவளிக்கு ஆபீசில் கொடுத்த பெட்டி. அத்தி, பேரீச்சை, திராட்சை. பொடியாக நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்திருந்தான்.

நாற்பது தாண்டியவன். கல்யாணம் கூடிவரவில்லை. வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த ஆள்.

மேடையில் ஓர் எவர்சில்வர் சம்புடம்.

அவனுடையது அல்ல. எதிர்வீட்டுக்காரியுடையது. அடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். பக்கத்தில் வெட்டியிருந்த கணவன் பெயரை ஆணியால் கீறி அழித்திருக்கும். எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு எனக்கும் அதில்தான் சர்க்கரைப் பொங்கல் வந்தது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. அவன் ரத்தத்தில் தட்டணு எவ்வளவு என்பது அவனுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெண் கொடுக்கிறவர்கள்கூட அவ்வளவு தூரம் விசாரிப்பதில்லை. அன்று மாலையே அந்தச் சம்புடத்தில் கஞ்சி வந்தது.

காய்ச்சல் போய்விட்டது. சம்புடம் போகவில்லை.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒன்றுமில்லையென்றால் ஒரு பிடி சர்க்கரை. அதோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடும்.

முடித்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

வாய் திறந்து பேசத் தைரியமும் இல்லை. மாடிப்படியில் அவள் வந்தால் இவன் குனிந்து செருப்பைச் சரிசெய்கிறான். ஒரு மனிதனுக்கு எத்தனை தடவைதான் செருப்பு கழலும்?

ஒரே ஒரு முறை அவளாகப் பேசினாள். என் காதிலும் விழுந்தது. சின்ன வயதில் குன்னூரில் இருந்தபோது அவள் அப்பா பேக்கரியிலிருந்து 'ஆப்பிள் பை' வாங்கி வருவாராம், மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்டது. அந்த ருசி அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லையாம்.

இவன் "ஓகோ" என்றான். செருப்பைச் சரிசெய்தான்.

மறக்கவில்லை போலிருக்கிறது.

மைதாவை வெண்ணெயோடு பிசைந்து, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, சம்புடத்துக்குள் விரித்தான். பட்டை மணக்க வதக்கிய ஆப்பிள். ஊறிய பழங்கள். மேலே மாவுப் பட்டைகள், நாடாக்கட்டில் பின்னலாக.

சம்புடத்தோடு குக்கருக்குள் இறக்கி மூடினான்.

நான் விசிலுக்குக் காத்திருந்தேன்.

இந்தக் குடியிருப்பில் யார் வீட்டில் எத்தனை விசில் என்பது எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி வருமுன்னே விருந்து என்னவென்று சொல்லிவிடுவோம்.

காபி குடித்து முடித்தேன். விசில் இல்லை.

பாத்திரம் கழுவி முடித்தேன். இல்லை.

ஓடிப்போய்க் கதவை இடித்தேன்.

"கேஸை நிறுத்துங்க தம்பி! குக்கர் வெடிக்கப்போவுது!"

"வெடிக்காதுங்க்கா. தண்ணியே ஊத்தல. அடியில உப்புத்தான். ரப்பர், வெயிட்டெல்லாம் கழட்டியாச்சு. ஓவன் இல்லாத வீட்டுல இப்படித்தான் செய்யோணுமாம்."

மூடியைத் தூக்கிக் காட்டினான். ஓரத்தில் பழப்பாகு கொதித்தது. மேல்மாவு மட்டும் வெளுத்துக் கிடந்தது, காய்ச்சலில் அவன் கிடந்த மாதிரியே.

"இதைப் போய் எப்படிங்க்கா குடுக்கறது?"

"யாருக்கு?" என்றேன், ஒன்றும் தெரியாதவளாக.

குனிந்து செருப்பைத் தேடினான். வீட்டுக்குள் செருப்பேது.

எனக்கே பாவமாகிவிட்டது. என் இரும்புத் தோசைக்கல்லைக் கொண்டுவந்தேன். பழுக்கக் காய்ச்சிக் குக்கரின் வாய்மேல் வைத்தோம். பின்னல் மெல்லச் சிவந்தது. ஓர் ஓரம் கருகியது.

"கருகுனா கருகட்டும். இல்லாட்டிக் கடையில வாங்குனதுன்னு நெனச்சுரப் போறா," என்றேன்.

மாலையில் கொண்டுபோனான். என் வாசற்கதவின் கண்ணாடித் துளை சின்னதுதான். எனக்குப் போதும்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான்.

அவன் அங்கேயே நின்றான். பிறகு குனிந்து செருப்பைச் சரிசெய்தான். இந்த முறை நான் சிரிக்கவில்லை.

எனக்கொரு துண்டு வரும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். வரவில்லை.

மறுநாள் காலை எதிர்க்கதவு திறந்தது.

அவள் கையில் அதே சம்புடம். விளக்கித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. உள்ளே ஒரு பிடி சர்க்கரைகூட இல்லை.

அவளுடைய சம்புடம். அவளுடைய அலமாரிக்குப் போக வேண்டியது.

இவன் கதவைத் தட்டினாள்.

"காலியாத்தானுங்க இருக்குது," என்றாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். குனியவில்லை.

என் தோசைக்கல் இன்னும் அவன் அடுப்பில்தான் இருக்கிறது. கேட்கப்போவதில்லை.

எங்கள் வீட்டில் இந்த வாரம் இட்லிதான்.