தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது

மேசையின் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தான் இளமாறன். அந்தக் கோடிக்குப் பாட்டில் வந்து சேர நேரமாகும் என்று ஒரு நப்பாசை.

ஒசாகாவிலிருந்து பெரிய மேனேஜர் மொரிட்டா வருடத்துக்கு ஒருமுறை ஃப்ரீமான்ட் அலுவலகத்துக்கு வருவார். வந்தால் டீம் மொத்தத்தையும் இந்த ஜப்பானிய உணவகத்துக்கு அழைத்துவந்து பியர் வாங்கித் தருவார். மாலை ஆறு மணி. வெளியே வெயில்கூட இறங்கவில்லை.

இளமாறன் குடியை விட்டுப் பதினொரு மாதம் இருபத்துமூன்று நாள் ஆகிறது.

போன வருடம் இதே விருந்துக்கு அடுத்த வாரம், டேகேரிலிருந்து மகள் யாமினியை அழைத்து வரும்போது மௌரி அவென்யூவில் கார் நடைபாதைமேல் ஏறி நின்றது. மதியமே மூன்று பியர் உள்ளே போயிருந்தது. நல்லவேளை, குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று மனைவி பிரீத்தியிடம் சொன்னான்.

பிரீத்தி நாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைக் கட்டினாள். மகளோடு நாட்டின் மறுகோடியில், பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு வருடம் தொடாமல் இருங்கள், வருகிறேன் என்பதுதான் அவள் சொன்னது. வருகிற சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், நானும் பாப்பாவும் ஊபரில் வந்துகொள்கிறோம் என்றும் சொல்லியிருக்கிறாள்.

அலுவலகத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. போன வருடம் கிளாஸ் கிளாஸாகக் காலி செய்தவன் இன்று வேண்டாம் என்றால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள். ஆன்டிபயாடிக், சஷ்டி விரதம், ஐயப்பனுக்கு மாலை என்று நம் ஆட்கள் சொல்லும் சாக்குகள் ஜப்பான்காரரிடம் செல்லுமா என்பதும் சந்தேகம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யூடியூபில் உட்கார்ந்து ஜப்பானியக் குடி மரியாதைகளைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தான். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் கிளாஸை இரண்டு கையாலும் ஏந்த வேண்டும். ஊற்றுகிறவர் லேபிள் மேலே தெரியும்படி பாட்டிலைப் பிடிக்க வேண்டும். கிளாஸ் நிறைந்தே இருந்தால் யாரும் மேற்கொண்டு ஊற்ற மாட்டார்கள்.

கடைசி விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, நிறைந்த கிளாஸோடு மாலையை ஓட்டிவிடலாம்.

மொரிட்டாவே எழுந்து வந்து வரிசையாக எல்லாருக்கும் ஊற்றினார். இளமாறனிடம் வந்தபோது பெரிய பாட்டில் தீர்ந்துவிட்டது. திரும்பிப் போய், தன் தட்டருகே இருந்த சின்ன பாட்டிலை எடுத்துவந்தார்.

லேபிளை உள்ளங்கையால் மறைத்தபடி ஊற்றினார். இந்த மரியாதை இவருக்கே தெரியவில்லையே என்று இளமாறனுக்குச் சிரிப்பு வந்தது.

"கம்பாய்" என்று எல்லாரும் கிளாஸைத் தூக்கினார்கள்.

நுரை உதட்டில் பட்டது. ஒரே ஒரு மிடறு என்றது நாக்கு. பழகின நாக்கு எங்கே ஒன்றோடு நிற்கும்? கிளாஸைக் கீழே வைத்தபோது அடியில் நுரைதான் மிச்சம்.

பதினொரு மாதம் இருபத்துமூன்று நாள் ஒரே மூச்சில் போயிற்று. பாவி, இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

மொரிட்டா மறுபடியும் அதே பாட்டிலோடு வந்தார். பந்தியில் போதும் என்று இலையை மறிப்பதுபோல இளமாறன் கிளாஸை இரண்டு கையாலும் மறித்தான்.

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டிலை மேசையில் வைத்து, லேபிளை அவன் பக்கம் திருப்பினார்.

ஆல்கஹால் 0.00 சதவீதம்.

"எனக்கும் ஆறு வருஷமாக இதுதான்," என்றார் தணிந்த குரலில், ஆங்கிலத்தில். "போன வருஷம் நீங்கள் ஒருவர்தான் உங்களுக்கு நீங்களே ஊற்றிக்கொண்டே இருந்தீர்கள். பழக்கம் தெரியாத ஆள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படி ஊற்றிக்கொண்டிருந்தவன்தான்."

இளமாறனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நாளும் வீணாகவில்லை. இனி இவரும் வாயைத் திறக்கப்போவதில்லை, அவனும் திறக்க வேண்டியதில்லை.

ஆனால் கிளாஸைத் தூக்கியபோது அதில் பியர் இருக்கிறது என்று நம்பித்தான் தூக்கினான். அது மொரிட்டாவுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

பார்க்கிங் லாட்டுக்கு வந்து பிரீத்தியை அழைத்தான்.

"பிரீத்தி, இப்ப ஒரு கிளாஸ் குடிச்சேன். அதுல ஆல்கஹால் இல்லைன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. ஆனா பியர்னு நெனச்சுத்தான் முழுசாக் குடிச்சேன்."

போனை வைத்துவிட்டாளோ என்று ஒருமுறை திரையைப் பார்த்துக்கொண்டான்.

"ஏங்க, இந்தத் தடவ நாயெதுவும் குறுக்க வரலீங்களா?" என்றாள் பிரீத்தி.

அந்த நாயைப் பற்றி அவள் பேசுவது இதுதான் முதல் தடவை.

"வரல," என்றான்.



"சனிக்கிழமை பதினொன்னேகாலுக்கு லேண்டிங். ஊபர் வேண்டாங்க. பாப்பாவோட கார் சீட்ட மாட்டி, நீங்களே டிரைவ் பண்ணிட்டு வாங்க."