செவ்வாய்க்கிழமை டோக்கன்

"காச்சக்காரன் எவனாச்சும் பாலிஷ் போட்ட ஷூவோட ஆஸ்பத்திரிக்குப் போவானா, மதினி? அங்கிட்டு யாரு ஒக்காந்துருக்கான்னு ஒருநா போய்த்தான் பாருங்களேன்."

நாத்தனார் அருணா போன வாரம் கடலை உரித்துக்கொண்டே கேலியாகச் சொன்னது. ஒங்க அண்ணனுக்கு நான் ஒருத்தி வாச்சதே பெருசு என்று செவந்தியும் சிரித்துவைத்தாள். சிரிப்பு அத்தோடு நின்றது. சொல் நிற்கவில்லை.

அந்தச் சொல்தான் இன்று ஆலங்குடியில், கணவர் ஏறிப்போனதற்கு அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டது.

அவள் கணவர் நல்லதம்பி பட்டாளத்திலிருந்து வந்து நான்கு வருஷமாகிறது. வந்த நாளிலிருந்து மூட்டெல்லாம் வலி, தலை பாரம், படுத்தால் எழ முடியாத அசதி.

ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாவற்றிலும் நார்மல்.

ஆனாலும் செவ்வாய் தவறாமல் முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னாள் ராணுவத்தினர் கிளினிக்குக் கிளம்பிவிடுவார். இன்று காலை விரல் மடங்கவில்லை என்றார். பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். போடும்போதே, யாருக்காக இந்தச் சட்டை என்று நெஞ்சை அரித்தது.

கிளினிக்கில் அவர் இருந்தார்.

இரண்டு பக்கமும் நரைத்த மீசைக்காரர்கள்தான். அத்தனை பேருக்கும் மழித்த கன்னம், மடிப்புக் கலையாத சட்டை. உடம்புக்கு முடியவில்லை என்று போய் நிற்பதற்கும் பட்டாளத்தில் ஒரு சட்டம் இருக்கும் போல.

செவந்திக்கு வெட்கமாகப் போயிற்று. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது அவருடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவள் கால்கள் கதவருகே போய் நின்றன.

டாக்டரும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிதான். வலி எப்படி இருக்கிறது என்று கனிவாகத்தான் கேட்டார்.

நல்லதம்பி விறைத்து நின்றார். குதிகால் இரண்டும் சேர்ந்தன.

"நல்லா இருக்கேன் சார்."

அப்படியானால் வீட்டில் பட்ட பாடெல்லாம்? அவள் பிடித்துவிட்ட கால்கள்? நான்கு வருஷமாக யாரை ஏமாற்றுகிறார் இந்த மனுஷன்?

வெளியே வந்தவர் அவளைப் பார்த்தார். பெஞ்சில் சரிந்தார். பழைய மாத்திரைகளையே எழுதியிருந்த சீட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது.

அவள் எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் குனிந்தார். விரல்கள் சீட்டைத் தொட்டன, பிடிக்க முடியவில்லை. மறுபடியும் குனிந்தார். மூன்றாம் முறை நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

நடிப்புக்கு இப்படி வியர்க்காது.

அவள் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒவ்வொரு வாரமும் சொல்லிப்புடணும்னுதான் வாரேன், செவந்தி. ஆபீசர் கேட்டதும் வாயி அதுவா நல்லா இருக்கேன்னு சொல்லிப்புடுது. ரொம்ப நாளா ஒங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நீ உள்ள வந்து, எனக்கு வலிக்குதுன்னு அவர்கிட்ட சொல்றியா?"