இரண்டு வரிசை

வலது காலில் முப்பத்தாறு வரிசை.

இடது காலில் முப்பத்தெட்டு.

அவள் மறுபடி எண்ணினாள். குரோஷா ஊசியின் முனையை ஒவ்வொரு வரிசையிலும் வைத்து, உதடு அசைய எண்ணினாள்.

முப்பத்தெட்டுதான்.

ஜெசிந்தாவும் தப்பு செய்திருக்கிறாள்.

அப்படி நினைத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குன்னூர் மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் திரும்பிக்கொண்டாள்.

செருப்புகள் மடியில் கிடந்தன. மெரூன் நிறக் கம்பளி. விளிம்பில் வெள்ளைப் பூவேலை. முன்னால் ஒரு குஞ்சம். அந்தக் காலத்து மோஸ்தர். அடிப்பாகம் இற்றுப்போய், குதிகால் பதிந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

கணவரின் முதல் மனைவி ஜெசிந்தா போட்டது. அவள் இறந்து பதினான்கு வருடம். செருப்புகள் அத்தனை வருடமும் பாச்சை உருண்டைகளோடு பெட்டியின் அடியில் இருந்திருக்கின்றன.

போன வாரம் அவரே எடுத்து வந்து, ஒரு நிமிஷம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"இதே மாதிரி ஒண்ணு போட முடியுமாம்மா?"

கல்யாணமான ஆறு வருடத்தில் அவர் அவளிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள்.

அதனால்தான் குஞ்சத்தின் இழைகளைக்கூட எண்ணினாள். அதே மெரூனைத் தேடி மூன்று கடை ஏறினாள்.

தப்பை மட்டும் திருத்தினாள்.

இரண்டு காலுக்கும் முப்பத்தாறு.

அவர் போட்டுக்கொண்டு வாசல் வரை நடந்தார். திரும்பி வந்தார். குனிந்து குஞ்சத்தைத் தொட்டார்.

"அப்படியே இருக்கு."

பிறகு, செருப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவ போட்டுக் குடுத்த அன்னிக்கே காபியைக் கொட்டிட்டேன். ரெண்டு நாள் பேசல."

சிரித்தார். அவள் அதுவரை பார்க்காத சிரிப்பு. ஒரு பக்கக் கன்னம் மட்டும் குழிந்தது. முப்பது வயது ஆள் ஒருவர் ஒரு நொடி வந்துவிட்டுப் போனார்.

அவளும் சிரித்தாள். இரண்டாம் நாள் யார் முதலில் பேசியது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

மறுநாள் காலை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பார்த்தாள்.

வலது செருப்பு ஒழுங்காக இருந்தது. இடது செருப்பின் பின்விளிம்பு குதிகாலுக்கு அடியில் மடங்கி நசுங்கியிருந்தது.

வெளியே போட்டுப் போகும் ஷூவிலும் அப்படித்தான். இடது காலின் பின்பக்கத்தை மிதித்தே நடப்பார். சோம்பல் என்று நினைத்திருந்தாள். அதற்காகத் திட்டியும் இருக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து இரண்டு செருப்பையும் கழற்றினாள். பாதங்களைச் சேர்த்து வைத்தாள்.

இடது பாதம் ஒரு விரற்கடை அதிக நீளம்.

காபிக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வார் என்று தெரியும். ஆறு வருடம்.

"ஏன் சொல்லல?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்ல வேண்டிய வியாதியா இது?"

அவள் சிரிக்கவில்லை.

"அவங்களுக்குச் சொன்னீங்களா?"

அவர் பேப்பரை மடித்தார். மழை நின்றிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

"அவளுக்கும் சொல்லல."

அவள் இடது செருப்பை எடுத்துக்கொண்டாள். பின்விளிம்பின் முடிச்சை அவிழ்த்து இழுத்தாள். வெள்ளைப் பூவேலை ஒவ்வொரு கண்ணியாக உதிர்ந்தது. குதிகால் தையல் திறந்துகொண்டது. அங்கே மெரூன் நூலைக் கோத்து மேலும் வரிசை போட்டாள்.

முப்பத்தேழு.

முப்பத்தெட்டு.

நூலை வெட்டக் கத்தரியை எடுத்தவள் நிறுத்தினாள்.

"காலைக் குடுங்க."

"இருக்கட்டும்மா, அழுக்கு."

"குடுங்க."

அவர் தயங்கி, பாதத்தை அவள் மடியில் வைத்தார். குளிர்ந்திருந்தது. உள்ளங்கையால் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். தோல் தடித்து வெடித்திருந்தது. வயது பாதத்தை இன்னும் கொஞ்சம் பரப்பியிருந்தது.

கம்பளியைச் சுற்றி வைத்துப் பார்த்தாள்.

போதவில்லை.

கத்தரியைக் கீழே வைத்தாள். பாதத்தை மடியிலிருந்து இறக்காமலேயே அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.