கை மாறியவர்கள்

"நீ வேணாம்மா. அந்தப் பொண்ணு வரட்டும்" என்று லட்சுமியம்மாள் நீட்டிய கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

விஜயலட்சுமிக்குச் சுருக்கென்றது. மாடு கறந்து கறந்து, கட்டைவிரலின் அடிமூட்டு தளர்ந்துபோய், நைனார்பாளையத்திலிருந்து அழுதுகொண்டு வந்த அம்மாள் இவர். 'ஆபரேஷன் இல்லாமலே சரி பண்ணலாம்' என்று தைரியம் சொல்லி, விரலுக்குப் பட்டை மாட்டி, பயிற்சி கொடுத்து, மறுபடி பால் செம்பைத் தூக்க வைத்தவள் விஜயலட்சுமிதான்.

இவர் மட்டுமா? கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் வந்த துணிக்கடை அப்துல் ஜலீல், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கி விரலைக் கெடுத்துக்கொண்டு வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் வரும் முனியன் என்று ஒவ்வொருவராக அப்சானாவின் பக்கம் போய்விட்டார்கள்.

அப்சானா படிப்பை முடித்த கையோடு விஜயலட்சுமி நடத்தும் இந்த பிசியோதெரபி சென்டரில் வந்து சேர்ந்தவள். எந்த விரல்மூட்டை எப்படித் தாங்கிப் பிடிப்பது, எங்கே எவ்வளவு அழுத்துவது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தவள் விஜயலட்சுமி. மதியச் சாப்பாட்டைக்கூட அவளோடு பகிர்ந்துதான் சாப்பிடுவாள். அவளா இப்படி?

கோபத்தோடு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், எவ்வளவு திருகியும் மூடி திறக்கவில்லை. அதை அப்படியே மேசையில் வைத்துவிட்டு அப்சானாவைக் கூப்பிட்டாள்.

"தனியா சென்டர் போடப் போறியா?"

"ஐயோ, இல்ல மேடம்!"

"அப்போ எங்கிட்ட வந்துக்கினு இருந்தவங்க எல்லாரும் ஏன் உன்னையே கேக்கறாங்க? இன்னா சொல்லி இழுத்த?"

அப்சானா தலையைக் குனிந்துகொண்டாள். "என்னக் கேக்காதீங்க மேடம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

அதற்கு மேல் விஜயலட்சுமியால் தாங்க முடியவில்லை. கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள்!

"நாளையிலருந்து நீ வர வேணாம். கெளம்பு."

அப்சானா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையை எடுத்தாள். லட்சுமியம்மாள்தான் பதறி எழுந்து வாசலை மறித்தார்.

"எம்மா, அதும்மேல ஏன் எரிஞ்சி வுழற? நாங்கதான் எங்களுக்குள்ள பேசி வெச்சிக்கினோம்."

"நாங்கன்னா?"

"நானு, ஜலீல் பாயி, முனியன், எல்லாந்தான். சொன்னா நீ ஒத்துக்க மாட்ட, அதான் அதும் வாயையும் கட்டிப்புட்டோம்."

விஜயலட்சுமிக்குக் குரல் உடைந்தது. "நான் உங்களுக்கெல்லாம் இன்னாம்மா கொறை வெச்சேன்? என் கையால வலி கம்மியாவலையா?"

"எங்களுக்குக் கம்மியாயிடுச்சு."

லட்சுமியம்மாள் அவளுடைய வலது கையை மெதுவாக எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"எங்க வெரல அமுக்கறப்பல்லாம் ஒம் மூஞ்சிதாம்மா வலியில சுளிக்குது!"