லாவண்யாவின் பக்கம்

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவன் முதலில் ஜெயராமின் தலைமுடியைப் பிடித்தான்.

ஜெயராமுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட நேரமில்லை. மேஜை விளிம்பில் அவன் முகம் மோதியது. கீழே உஸ்மான் ரோட்டின் இரைச்சலையும் மீறி அந்தச் சத்தம் கேட்டது.

“லாவண்யா எங்க?”

ஜெயராமின் உதடு கிழிந்து தொங்கியது. வாயிலிருந்து ஒரு பல் ரத்தத்தோடு கீபோர்டின் மேல் விழுந்தது.

பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக்கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. ஒரே அறை. நடத்துகிறவள் தங்கபுஷ்பம். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் ஜெயராம். பிழை திருத்துகிற லாவண்யா கொஞ்ச காலமாக அங்கே வருவதில்லை.

புருஷன் மிதித்ததில் விலா எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள், அங்கிருந்து அவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆனால் அவள் போகிற இடமெல்லாம் அவன் நின்றான். பஸ் ஸ்டாப்பில் நின்றான். இந்த ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழேயும் நின்றான்.

அதனால் தங்கபுஷ்பம் வேளச்சேரியில் ஓர் அறை பிடித்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் மோடத்தையும் அங்கே கொண்டுபோய் வைத்தாள். ஆபீஸ் வேலைக்கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஆர்கனைசரை ஜெயராம் லாவண்யாவுக்கும் திறந்துவிட்டான். போன் லைன் வழியாக அவள் உள்ளே வருவாள். யாருக்கு என்ன வேலை, எது முடிந்தது, எது பாக்கி என்று இங்கே எழுதினால் அங்கே தெரியும். அங்கே எழுதினால் இங்கே தெரியும்.

ஒரே குறைதான். ஆர்கனைசரில் ஒவ்வொருவருக்கும் இருந்த தனிப் பக்கத்தில் அவரவர் முகவரியும் இருந்தது. கொரியர்காரனுக்கு அது வேண்டியிருந்தது.

முந்தின நாள் யாரோ ஒருவர், பதிப்பகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி போனில் லாவண்யாவைக் கேட்டார். “அவங்க இப்போ வீட்லேர்ந்தே பண்றாங்க சார். எல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயே இருக்கு” என்று ஜெயராம் மரியாதையாகச் சொல்லியிருந்தான்.

பேசியது லாவண்யாவின் புருஷன்.

இப்போது அவன் ஜெயராமைத் தரையில் தள்ளி, விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மூன்றாவது உதைக்கு ஜெயராமிடமிருந்து சத்தமே வரவில்லை.

தங்கபுஷ்பத்தை அவன் தொடவில்லை. அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயராமின் மேஜையில் ஆர்கனைசர் திறந்தே கிடந்தது. அவன் குனிந்து மவுஸைப் பிடித்தான். ஜெயராமின் பக்கம் திறந்தது. அடுத்த பெயர் லாவண்யா.

மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேளச்சேரியில் அவள் வேலையில் இருந்தாள்.

“தள்ளு. நான் காட்டுதேன்” என்றாள் தங்கபுஷ்பம்.

அவன் தள்ளி நின்றான்.

தரையிலிருந்து ஜெயராம் தலையைத் தூக்கினான். “வேண்டாம் மேடம்” என்றான். பாதி வார்த்தை ரத்தத்தில் கரைந்துபோயிற்று.

அவள் உட்கார்ந்தாள். லாவண்யாவின் பெயரை அழுத்தினாள். அந்தப் பெயரையே நீக்கக் கட்டளை கொடுத்தாள். நிச்சயமாகவா என்று திரையில் ஒரு கட்டம் கேட்டது. எண்டரைத் தட்டினாள்.

முகவரி போயிற்று. பாக்கி வேலைகள் போயின. உள்ளே வரும் அனுமதியும் போயிற்று. மோடம் விளக்கு அணைந்தது.

என்ன நடந்தது என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கை ஓங்குவதற்கு முன்னால் அவனுடைய இடது தோள் மேலே ஏறும். அது அவளுக்குத் தெரியும். ஏறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன் ரிசீவர் அவள் காதோரத்தில் இறங்கியது. அடுத்த அடி கீபோர்டின் மேலிருந்த அவள் விரல்களில். எலும்பு நொறுங்கியது அவளுக்கே கேட்டது.

“சொல்லுதியா, இல்லியா?”

முகவரி அவளுக்கு மனப்பாடம். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

ரிசீவரின் வயரை அவள் கழுத்தில் சுற்றி இழுத்தான். நாற்காலியோடு சாய்ந்தாள். பார்வை இருட்டிக்கொண்டு வந்தது. கால்கள் மேஜையை உதைத்தன. மானிட்டர் விழுந்து வெடித்தது.

அதற்குள் ஜெயராம் மாடிப்படி வரைக்கும் தவழ்ந்துபோய்க் கத்தியிருந்தான். கீழ்க் கடையில் பட்டன், லேஸ் விற்கும் அன்வர் பாஷாவும் அவருடைய ஆட்களும் ஓடிவந்தார்கள். அவன் கையிலிருந்து வயரைப் பிடுங்க அத்தனை பேரும் வேண்டியிருந்தது. கடைசியில் அன்வர் பாஷா கதவுக்குக் குறுக்கே போடும் இரும்புக் கம்பியாலேயே அவன் முழங்கையில் போட்டார்.

போலீஸ் வந்தபோது அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். கைகள் முதுகுக்குப் பின்னால் நைலான் கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. மூச்சு மட்டும் வாங்கினான்.

ஜெயராமை ஆட்டோவில் ஏற்றினார்கள். தங்கபுஷ்பம் உடனே போகவில்லை. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, அன்வர் பாஷாவின் ஆள் நீட்டிய தண்ணீரைக் குடிக்கப் பார்த்தாள். தொண்டைக்குள் இறங்கவில்லை.

ஏட்டு நெடுஞ்செழியன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். “பேரு இன்னாப்பா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“வெள்ளைத்துரை” என்றாள் தங்கபுஷ்பம். குரல் கரகரத்தது.

ஏட்டு அவள் கழுத்தைப் பார்த்தார். சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. “கொலை முயற்சின்னு போட்டா உள்ள தான்மா. சீக்கிரம் வெளில வர முடியாது.”

“போடுங்க.”

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“இவன் வூட்டுக்குத் தகவல் சொல்லணும். அப்பா, அம்மா, யார்னா கீறாங்களா?”

“அவங்க இல்ல” என்றாள். “எங்கிட்டதான் சொல்லணும். நான் அவன் அக்கா.”