ஸ்டாண்டில் ஓடிய டயர்

திறமைக்கார இளைஞன் ஒருவன் தன் பந்தய சைக்கிளை வீட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டி மிதித்துப் பழகினான். பின் டயர் மட்டும் உருளையில் உரசிச் சுழன்றது. முன் டயர் சும்மா நின்றது.

"அண்ணே, ஒரே நாள்ல முடியுற பந்தயத்துக்கே போவோம். கல் ரோட்டுல ஒரே பாய்ச்சல்!" என்றது முன் டயர்.

"நின்னுக்கிட்டே பேசுற உனக்கென்னடா? மூணு வாரப் பந்தயம்னா மலையெல்லாம் பார்க்கலாம். எதுவானாலும் இவன் சீக்கிரம் முடிவெடுக்கணும். நான் தேய்ஞ்சுகிட்டே வர்றேன்" என்றது பின் டயர்.

இரண்டில் எந்தப் பந்தயத்துக்குப் போவதென்று யோசித்தபடியே அவன் மிதித்தான். இரண்டு பந்தயங்களுக்கும் பெயர் கொடுக்கும் கடைசி நாள் கடந்துபோனது. ஒரு காலையில் பின் டயர் கிழிந்தது. அவன் கழற்றி மூலையில் போட்டான்.

"அண்ணே," என்று கூப்பிட்டுப் பார்த்தது முன் டயர். வழவழவென்று தேய்ந்திருந்த பின் டயரின்மேல் துளி மண்கூட ஒட்டியிருக்கவில்லை.